மொட்டைச் சக்கரம்

மார்ச் 3, செவ்வாய்

இன்று பதினோரு பல் முடித்தேன். போன வாரம் லேபிலிருந்து அனுப்பிய பல்செட் ஒன்று திரும்பி வந்துவிட்டது. பேசும்போது கிளிக் கிளிக் என்கிறதாம். அளவெடுத்தது டாக்டர், பேச்சு வாங்குவது நான். அரை மில்லி சுரண்டினேன், சரியாகிவிட்டது.

சாயங்காலம் அண்ணன் போன் செய்தான். அம்மாவோடு அவர்கள் எல்லோரும் சிறிய வீட்டுக்கு மாறுகிறார்களாம். "பரண் மேல அந்த இன்ஜின் பெட்டி கிடக்கு. பழைய இரும்புக்குப் போட்டுடலாம்னு இருக்கேன். உனக்கு எதுக்காவது வேணுமா, டமார்?"

"வேணும்" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

மார்ச் 8, ஞாயிறு

அண்ணனே பெட்டியைக் கொண்டுவந்தான். எங்கள் வீடு இரண்டாவது மாடி. பாதிப் படியிலேயே அவனுக்கு மூச்சு வாங்கியது. ஒரு பக்கம் பிடிக்கலாம் என்று இறங்கிப் போனேன். "நீ தள்ளிக்கோ, நான் பார்த்துக்கறேன்" என்றான். இரும்புக் கடைக்குப் போக இருந்த பெட்டி. அதைக்கூட நான் தொடக்கூடாது.

கோபம் அடங்கவில்லை. அந்தக் கதையை ஒரு தடவையாவது முழுதாக எழுதி வைக்கிறேன்.

அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது, எனக்குப் பதினாறு. வேலைக்குப் போன புதிதில் இந்த இன்ஜினை வாங்கினான். பொம்மை இல்லை. அசல் இன்ஜினில் பதினாறில் ஒரு பங்கு. கரி போட்டு, தண்ணீர் கொதித்து, நீராவியில் ஓடுவது. பாகங்கள் தனித்தனியாக வரும், நாமே கூட்ட வேண்டும். ஒன்றரை வருஷம் அதோடு உட்கார்ந்தான். சக்கரம் சுற்றுவதையாவது காட்டலாம் என்று ஒரு கண்காட்சிக்குப் பேர் கொடுத்திருந்தான். அதற்கு முந்தின நாள் மதியம், அடிச்சட்டத்தில் ஆறு சக்கரமும் பூட்டியாகிவிட்டது. சக்கரங்களை ஒன்றோடொன்று இணைக்கும் தண்டுகள் மட்டும் பாக்கி. மாடியிலிருந்து இறக்க ஒரு கை கொடு என்றான். கொடுத்தேன். நாலாவது படியில் என் பக்கம் நழுவியது.

டமார்.

கீழே வைத்துத் தண்டுகளை மாட்டினான். சக்கரம் கால் சுற்று சுற்றி நின்றது. பின்னால் தள்ளினால் அங்கேயும் நின்றது. "சட்டம் கோணிடுச்சு" என்றான். திட்டவில்லை, அடிக்கவில்லை. அதோடு பெட்டியை மூடிவிட்டான். அவன் திட்டியிருந்தால் ஒரு நாளில் போயிருக்கும்.

முப்பத்தோரு வருஷமாக நான் டமார். விருந்தாளிகளுக்குக் கண்ணாடி டம்ளர், எனக்கு மட்டும் ஸ்டீல் டம்ளர். அண்ணன் மகள் பிறந்தபோது எல்லோரும் நின்றபடியே வாங்கிக் கொஞ்சினார்கள். என் முறை வந்ததும் அம்மா, "நீ உட்கார்ந்து வாங்கிக்கோடி" என்றாள். உட்கார்ந்துதான் வாங்கினேன். இப்போது அந்தப் பெண்ணே மூன்று மாதக் கர்ப்பிணி.

இத்தனைக்கும் நான் பிழைப்பது பத்தில் ஒரு மில்லி கணக்கில். ஊரில் பாதிப் பேர் என் கை வேலையை வாயில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறார்கள். என்ன பிரயோஜனம்? கெட்ட பேர் எடுக்க ஒரு படி போதும்.

மார்ச் 9, திங்கள்

இதை ஓட வைக்கப் போகிறேன்.

மார்ச் 14, சனி

பெட்டியைக் கொட்டிப் பார்த்தாயிற்று. சட்டம், சக்கரங்கள், தண்டுகள், இரண்டு சிலிண்டர், செம்பு பாய்லர், ஒரு பொட்டலம் திருகாணி, எலி கடித்த வரைபடம். கூடவே அண்ணன் கையால் செய்த ஒரு மரக்கட்டை. பள்ளம் வெட்டி, பித்தளைத் துண்டுகள் பதித்து, பென்சிலால் "சக்கர அளவு — தொலைக்காதே" என்று எழுதியிருக்கிறான். விசில் இல்லை. பாதி குழாய்கள் இல்லை.

நமக்கு அரம் பிடிக்கத் தெரியும், பற்றவைக்கத் தெரியும், லேத் ஓட்டத் தெரியாது. டாக்டரின் நாற்காலிக்குப் பாகம் கடைந்து தரும் லேத்காரரிடம் போனேன். அவர் ஒரு சின்ன ரயில் சங்கத்தில் உறுப்பினராம். பூங்காவுக்குப் பின்னால் வட்டமாகத் தண்டவாளம் போட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டுகிறார்கள். எனக்கு இன்றுதான் தெரியும். சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரும்மா இதைக் கட்ட ஆரம்பிச்சது?"

"எங்க அண்ணன்."

"முடிக்கப் போறது?"

"நான்."

"செப்டம்பர் முதல் ஞாயிறு எங்க ஓட்ட நாள். வெளியாளுங்களும் கொண்டுவரலாம். பாய்லர் சோதனை மட்டும் பாஸ் ஆகணும்" என்றார். சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

மார்ச் 29, ஞாயிறு

இரண்டு வாரமாக, தினமும் விடியற்காலை ஒரு மணி நேரம், கழற்றிக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினேன். வீடு முழுக்க நாற்றம். என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. குடிநீர் வாரியத்தில் குழாய்களுக்கு அழுத்தச் சோதனை பார்க்கிறவர். எதையும் பத்து நிமிஷம் யோசித்துத்தான் வாயைத் திறப்பார். கடைசியில், "ஜன்னலைத் திறந்து வச்சுக்கோ" என்றார்.

இன்று சட்டத்தை நிமிர்த்துவது என்று முடிவு. நிமிர்த்துவதற்கு முன் எவ்வளவு கோணல் என்று தெரிய வேண்டுமே. லேபிலிருந்து தடித்த கண்ணாடிப் பலகை கொண்டுவந்து அதன் மேல் வைத்தேன். நாலு மூலையிலும் மெல்லிய தாளைச் செருகிப் பார்த்தேன்.

ஒரு மூலையிலும் நுழையவில்லை.

திருப்பி வைத்தேன். பக்கவாட்டில் வைத்தேன். குறுக்கே அளந்தேன். முன் பலகையின் இடது மூலையில் ஒரு நசுங்கல் இருக்கிறது, என் நகம் அளவு. அது நான் போட்டது. மற்றபடி சட்டம் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கிறது.

கண்ணாடி சரியில்லையோ?

ஏப்ரல் 5, ஞாயிறு

லேத்காரரின் இரும்பு மேடையில் வைத்துப் பார்த்தோம். "நேரா இருக்கும்மா. எவன் சொன்னான் கோணல்னு?" என்றார்.

எங்கள் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள் என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

சக்கரங்களைப் பூட்டித் தண்டு மாட்டினேன். அண்ணன் சொன்னது பொய்யில்லை. கால் சுற்று, நின்றுவிடுகிறது. சட்டம் நேர், தண்டுகள் நேர். பின்னே என்னதான்?

ஏப்ரல் 19, ஞாயிறு

இன்றும் நின்றுவிட்டது. ஒருவேளை விழுந்ததில் வேறு எதுவோ போயிருக்குமோ. அப்படியானால் நான்தான். மறுபடியும் நான்தான்.

ஏப்ரல் 26, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன்.

ஒழுங்காக எழுதி வைக்கிறேன். நாளைக்கே யாராவது கேட்டால் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு சக்கரத்திலும் தண்டு மாட்ட ஒரு முளை இருக்கிறது. ஒரு பக்கத்து முளை உச்சியில் நின்றால், அதே அச்சின் மறுபக்கத்து முளை நேர் முன்னால் நிற்க வேண்டும். மிகச் சரியாகக் கால் சுற்று வித்தியாசம். மூன்று அச்சுகளிலும் இது ஒன்றுபோல இருந்தால்தான் தண்டுகள் சேர்ந்து சுற்றும். ஒன்று பிசகினாலும் இழுத்துக்கொண்டு நிற்கும். அந்த அளவைப் பிடிக்கத்தான் அண்ணன் அந்த மரக்கட்டையைச் செய்திருக்கிறான். சக்கரங்களைப் பள்ளத்தில் நிறுத்த வேண்டும். ஒரு முளை செங்குத்தாக நிற்கும் பித்தளையைத் தொட வேண்டும், மறு முளை பித்தளைப் படியின் மேல் உட்கார வேண்டும். அப்படியே அச்சில் இறுக்கிவிட வேண்டும். நல்ல கட்டை. என்னால்கூட அவ்வளவு சுத்தமாகச் செய்ய முடியாது.

ஆனால் நடுச் சக்கரம் மொட்டை.

தண்டவாளத்திலிருந்து இறங்காமலிருக்கச் சக்கரத்துக்கு உள்பக்கம் ஒரு விளிம்பு இருக்குமே, வளைவில் சிக்காமல் திரும்புவதற்காக நடுச் சக்கரங்களுக்கு மட்டும் அது கிடையாது. முன்சக்கரமும் பின்சக்கரமும் விளிம்பின் மேல் நிற்கின்றன. மொட்டைச் சக்கரம் விளிம்பு உயரத்துக்குப் பள்ளத்தில் தாழ்ந்து நிற்கிறது. படி மட்டும் பழைய உயரத்திலேயே இருக்கிறது. அதன் மேல் உட்காரும் முளை அந்த அளவுக்கு மேலே தள்ளிப் போய்விடுகிறது.

வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தேன். இரண்டே கால் மில்லி.

அவ்வளவுதான்! முப்பத்தோரு வருஷம் — ரெண்டே கால் மில்லி! நான் தூக்கறதுக்கு முன்னாடியே அது ஓடாத இன்ஜின். நான் அதைப் பூப்போல கீழே கொண்டுபோய் வச்சிருந்தாலும் ஓடியிருக்காது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க. ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம், இவன் சட்டம் கோணல்னான்!

சமையலறையில் நின்று அழுதேன். இவர் வந்து பார்த்துவிட்டு, கேஸ் அடுப்பை அணைத்துவிட்டுப் போனார். பால் பொங்கிக்கொண்டிருந்ததாம்.

ஏப்ரல் 27, திங்கள்

"உடனே அண்ணனுக்கு போன் போட்டுச் சொல்லு" என்றார் இவர்.

மாட்டேன். ஓடாத இன்ஜினை வைத்துக்கொண்டு நியாயம் பேசினால் யார் கேட்பார்கள்? "உடைச்சதும் இல்லாம சாக்கு வேற" என்பார்கள். செப்டம்பரில் அது ஓட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது சொல்ல வேண்டும். ஓடவில்லை என்றால் சொல்லவே போவதில்லை. இந்த நோட்டோடு போகட்டும்.

"செப்டம்பர் வரைக்கும் வாயை மூடிட்டு இருப்பியா? நீயா?" என்றார்.

மே 3, ஞாயிறு

திருத்துவதற்கு முன் ஆதாரம் வேண்டுமல்லவா? நடு அச்சை இரண்டு சக்கரத்தோடும் முளையோடும், வாய்க்கு அளவெடுப்பதுபோல ரப்பரில் அச்செடுத்து, மஞ்சள் பிளாஸ்டரில் வார்த்துவிட்டேன். தப்பு அப்படியே பதிந்திருக்கிறது, சொத்தைப் பல்லின் அச்சு மாதிரி.

மே 10, ஞாயிறு

லேத்காரர் ஒரு மொட்டைச் சக்கரத்தைப் பிரஸ்ஸில் கழற்றித் தந்தார். கட்டையின் பள்ளத்தில் இரண்டே கால் மில்லி பித்தளைத் தகடு போட்டு, நடு அச்சை அதன் மேல் நிறுத்தி, மறுபடி இறுக்கிவிட்டுத் தகட்டை எடுத்துவிட்டோம். தண்டு மாட்டினேன். விரலால் தள்ளினேன்.

சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. நிறுத்த மனசு வரவில்லை.

மே 24, ஞாயிறு

சிலிண்டர்களைப் பூட்டி, யாருமில்லாத லேபுக்குத் தூக்கிப் போய், பல் தேய்க்கும் கம்ப்ரஸர் குழாயைச் செருகினேன். முதலில் சீறியது. பிறகு ஒரு இருமல். பிறகு ஓடியது, மேஜை மேல், நின்ற இடத்திலேயே, டக் டக் டக் டக் என்று, பிசிறில்லாமல். நாற்பது நிமிஷம் ஓட விட்டேன். மறந்துபோன சாவியை எடுக்க டாக்டர் வந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "இது யாரோட வாய்க்கு?" என்றார். அவர் ஜோக் அடித்து நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

ஜூன் 7, ஞாயிறு

பாய்லர் சோதனை. ஓடும்போது இருக்கும் அழுத்தத்தைப்போல இரண்டு மடங்கு, தண்ணீரை ஏற்றிப் பார்க்க வேண்டும். இவர் வாரியத்தின் கைப்பம்பையும் மீட்டரையும் அனுமதிச் சீட்டோடு வாங்கிவந்தார். குளியலறையில் வைத்துச் சோதித்தோம். தெருவுக்கடியில் முழங்கால் உயரக் குழாயைச் சோதிக்கிறவர் இந்தச் செம்புக் குடுவை முன் குந்தி உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

இருபது நிமிஷம். முள் அசையவில்லை. அண்ணன் வைத்த பற்றுகள் ஒன்றுகூடக் கசியவில்லை. அவன் மேல் எனக்கு ஆயிரம் கோபம் இருக்கிறது, ஆனால் இதையும் எழுதத்தான் வேண்டும்: அவ்வளவு சின்ன வயதில் இப்படிப் பற்றவைத்தவன் சாதாரண ஆள் இல்லை. அப்படிப்பட்டவன் ஒரு சந்தேகம்கூடப் படாமல் பெட்டியை மூடிவிட்டானே.

ஜூன் 21, ஞாயிறு

தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய். ஊரெல்லாம் தேடி வாங்கியது, சுண்டு விரலில் பாதி. பூட்டப் போகும்போது கை வழுக்கிக் கீழே விழுந்தது. உடைந்தது.

பக்கத்து அறையிலிருந்து இவர் குரல்: "டமாரா?"

ஜூன் 22, திங்கள்

பேசவில்லை.

ஜூன் 23, செவ்வாய்

பேசவில்லை. நானே சமைத்து நானே சாப்பிட்டேன். யானைக்கும் அடி சறுக்கும், அதற்காக யானைக்குச் சறுக்கல் என்றா பேர் வைக்கிறார்கள்?

ஜூன் 24, புதன்

சாயங்காலம் மேஜை மேல் ஆறு கண்ணாடிக் குழாய்கள், பஞ்சில் சுற்றி. மூன்று பஸ் மாறிப் போய் வாங்கி வந்திருக்கிறார்.

"எதுக்கு ஆறு? அஞ்சு தடவை உடைப்பேன்னா?"

பத்து நிமிஷம் யோசித்தார். "இல்ல. ரெண்டு நான் உடைப்பேன்."

அவரைவிட்டே ஒன்றைப் பூட்டச் சொன்னேன். நிஜமாகவே உடைத்தார். இருவரும் சிரித்தோம். அடுத்ததை நான் பூட்டினேன்.

ஜூலை 19, ஞாயிறு

ஓட்டுநர் அறை, புகைபோக்கி, குழாய்கள் எல்லாம் ஏறிவிட்டன. விசில் லேத்காரர் கடைந்து கொடுத்தார். கரும்பச்சை அடித்தேன். முன் பலகை நசுங்கலை மட்டும் தட்டவில்லை, மூடவில்லை. மேலே பச்சை பூசி அப்படியே விட்டேன். அது என்னுடையது. செய்ததை மறைக்கிற ஆள் நான் இல்லை.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

முதல் தீ. லேத்காரர் பட்டறை முற்றத்தில், கட்டை மேல் நிறுத்தி. புகை வந்தது, என் முகம் கறுத்தது, அழுத்தம் காட்டும் முள் இருபது பவுண்டைத் தாண்டவில்லை. மூன்று இடத்தில் நீராவிக் கசிவு. மூன்றும் நான் வைத்த பற்று. அண்ணன் வைத்ததில் ஒன்றுமில்லை. நன்றாக வேண்டும் எனக்கு.

"சின்னச் சின்னப் பல்லைப் பத்தவச்ச கைம்மா உன்னுது. செம்பு சூட்டை இழுத்துக்கிட்டு ஓடும். முழுசையும் காய்ச்சணும், பயப்படாம" என்றார் லேத்காரர்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

பயப்படாமல் காய்ச்சினேன். எண்பது. சேஃப்டி வால்வு சரியாக எண்பதில் திறந்து வானத்துக்குச் சீறியது. பக்கத்துப் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வெளியே ஓடிவந்தார்கள். நான் விசில் அடித்தேன். தேவையே இல்லை, ஆனாலும் நாலு தடவை அடித்தேன்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

இன்ஜினுக்குப் பேர்ப்பலகை. மெழுகில் எழுத்து செதுக்கி, பல்லுக்கு வார்க்கும் உலோகத்திலேயே வார்த்து, கண்ணாடியாக மெருகேற்றினேன். மூன்றே எழுத்து.

டமார்.

இவர் பார்த்துவிட்டு யோசித்தார். "இனிமே அந்தப் பேர் இதுக்கா?"

"ஆமா. நான் எடுத்துக் குடுத்துட்டேன்."

ஆகஸ்ட் 23, ஞாயிறு

அண்ணனுக்கு போன் செய்தேன். செப்டம்பர் ஆறு, பத்து மணி, பூங்காவுக்குப் பின்னால், அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா என்றேன்.

"எதுக்கு?"

"இன்ஜின் ஓடுது."

"எந்த இன்ஜின்?" என்றான். பிறகு, "நாய் வாலையே நிமிர்த்திட்டியா?" என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டேன். இன்னும் இரண்டே வாரம்.

செப்டம்பர் 5, சனி

என்ன பேசுவது என்று எழுதிப் பார்த்தேன். மூன்று பக்கம் வந்தது. இவரிடம் படித்துக் காட்டினேன். "நல்லாயிருக்கு. இதுல எது ரொம்ப முக்கியம்?" என்றார். எல்லாமே முக்கியம் என்றேன். கரி, தண்ணீர், எண்ணெய், கட்டை, மஞ்சள் அச்சு. பையில் வைத்தாயிற்று.

செப்டம்பர் 7, திங்கள்

லேபுக்கு லீவு. நேற்றை எழுதவே லீவு.

தண்டவாளம் இடுப்பு உயரத்தில் வட்டமாக ஓடுகிறது. இன்ஜினுக்குப் பின்னால் நீளப் பெட்டி. அதில் இருபுறமும் காலைத் தொங்கவிட்டு உட்கார வேண்டும். எட்டு மணிக்குத் தீ மூட்டினேன். ஒன்பதரைக்கு எண்பது. லேத்காரர் கொடியோடு நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, "டமார் கிளம்புது, வழி விடுங்க" என்றார். அப்போதுதான் அவர்கள் உள்ளே நுழைந்தார்கள். அண்ணன், அண்ணி, நடுவில் அம்மா. வீட்டுக்குள் கூப்பிட்ட பட்டப்பேர் பொது இடத்தில் முழங்குவதைக் கேட்டு அண்ணன் ஒரு நொடி நின்றுவிட்டான்.

முதல் சுற்று நான் தனியாக. என்னைக் கேட்டால் அந்தச் சுற்று முழுக்க எனக்கு எதுவும் தெரியாது. முள்ளையும் கண்ணாடிக் குழாயையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் சுற்றில் இவர் ஏறினார், மூன்றாவதில் அண்ணியும். இழுத்தது. மூச்சு முட்டாமல் இழுத்தது. அண்ணன் மட்டும் ஏறவில்லை. வளைவில் நின்று, புகையைப் பார்க்காமல் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நிறுத்தியதும் வந்தான். குனிந்து அடிச்சட்டத்தைப் பார்த்தான்.

"சட்டத்தை எப்படி நிமிர்த்தினே? பட்டறையில குடுத்தியா?"

"நிமிர்த்தலை."

"அப்புறம்?"

"அது கோணவே இல்லைண்ணா."

மூன்று பக்கமும் மறந்துபோயிற்று. அந்த ஒரு வரிதான் வந்தது.

"அப்ப விழுந்தது?"

"விழுந்தது நிஜம். இதோ, நசுங்கியிருக்கு. நான்தான் போட்டேன்." பையிலிருந்து கட்டையை எடுத்து நீட்டினேன். பென்சில் எழுத்தைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. மஞ்சள் அச்சைக் கொடுத்தேன். "இது திருத்தறதுக்கு முன்னாடி நடு அச்சு இருந்த லட்சணம். கால் சுற்றுல பிசகியிருந்தது. அதனாலதான் நின்னுச்சு."

அண்ணன் சும்மா விடுவானா? "விழுந்த அடியில சக்கரம் திரும்பியிருக்கலாம்ல?"

"உன் கட்டைதானே. நீயே வச்சுப் பாரு."

பெஞ்சில் உட்கார்ந்தான். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினான். மஞ்சள் அச்சைப் பள்ளத்தில் நிறுத்தினான். ஒரு முளை பித்தளையைத் தொட்டது. மறு முளை படியில் போய் உட்கார்ந்தது. அச்சு அசலாக, இம்மி பிசகாமல். விழுந்ததில் நகர்ந்திருந்தால் அது கட்டையில் உட்காரவே உட்காராது. கட்டைதான் அதை அப்படி வைத்திருக்கிறது. சொல்ல நினைத்தேன், சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவனே சக்கரத்தின் ஓரத்தை விரலால் தடவினான். விளிம்பைத் தேடினான்.

"மொட்டை" என்றான்.

"ரெண்டே கால் மில்லி" என்றேன்.

கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டினான். மறுபடி கழற்றினான். ஜெயித்துவிட்டேன் என்று இருந்தது எனக்கு. அதே நேரம் அவன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. இரண்டும் நிஜம்தான்.

எழுந்து அம்மாவிடம் போனான். அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்.

"அம்மா, இன்ஜினை அவ உடைக்கலை. நான்தான் தப்பா பூட்டினேன்."

"என்னடா?"

"நான்தான் தப்பா பூட்டினேன்!"

பூங்கா முழுக்கக் கேட்டது. லேத்காரர் கொடியைத் தூக்கிய கையோடு திரும்பிப் பார்த்தார். அம்மா அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இன்ஜினின் பேர்ப்பலகையைப் பார்த்தாள்.

"அப்ப இவளை எதுக்குடா இத்தனை வருஷமா டமார்னு கூப்பிட்டோம்?"

அந்தக் கேள்வியே எனக்குப் போதும்.

அம்மா ஏற மாட்டேன் என்றாள். முட்டி வலி, பயம், இந்த வயசில் இதெல்லாம் தேவையா என்றாள். பிறகு ஒரு பக்கமாகக் காலைப் போட்டு ஏறி உட்கார்ந்துகொண்டு, "எதுக்கு நிக்குது, போகச் சொல்லு" என்றாள். பின்னால் அண்ணி, இவர். அண்ணனைக் கூப்பிட்டு ஓட்டுகிற இடத்தைக் காட்டினேன்.

"நீ ஓட்டு. பாய்லர் உன்னோடது. ஒரு பற்றுகூடக் கசியலை."

"எனக்குத் தெரியாதே."

"நான் சொல்றேன். மெதுவாத் திற."

நான் அவனுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அவன் மெதுவாகத் திறந்தான். ஐந்து பேரையும் இழுத்துக்கொண்டு டமார் கிளம்பியது. வளைவில் மொட்டைச் சக்கரம் சிக்காமல் திரும்பியது. அண்ணன் திரும்பிப் பார்க்காமலே, "விசில் எங்கே?" என்றான். கையை நீட்டி நானே அடித்தேன். விசிலை யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ஏழு சுற்று.

செப்டம்பர் 19, சனி

அண்ணன் மகளுக்குப் பெண் குழந்தை. இருவரும் நலம். போனில் அண்ணன், "டம—" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். பிறகு என் பேரைச் சொன்னான். யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருந்தது. பழகிக்கொள்ள வேண்டும்.

நவம்பர் 8, ஞாயிறு

குழந்தையோடு எல்லோரும் வந்தார்கள். எதிர்கொள்ளப் படியிறங்கினேன். அண்ணன்தான் தூக்கிக்கொண்டு ஏறினான். பாதியில் வழக்கம்போல மூச்சு வாங்கியது. நின்றான்.

"இந்தா, பிடி" என்று குழந்தையை என்னிடம் நீட்டினான். படியிலேயே. நின்றபடியே வாங்கிக்கொண்டேன்.

அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். "மெதுவா ஏறுடா, என்ன அவசரம் உனக்கு" என்றாள் அண்ணனிடம். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மேல் மாடி வரைக்கும் நான்தான் தூக்கி வந்தேன்.